இப்பத் திருப்பிக் குடுத்த புத்தகம்

இல்ல மேடம், அலமாரியில இருக்கறது எதுவும் வேணாம். இப்ப ஒரு பொண்ணு திருப்பிக் குடுத்துட்டுப் போச்சுல்ல, அந்தப் புத்தகந்தான் வேணும். இன்னும் பதியலயா? பதிங்க, பதிங்க, நான் எங்க போகப் போறேன். எதிர்த்தாப்புல தையக்கடைதானே. மிஷின நிறுத்திட்டு ஓடி வந்தேன், அதான் மூச்சு வாங்குது.

போன தடவ எடுத்ததா? இந்தாங்க. ஆக்டோபஸ் பத்தினது. அதுக்கு மூணு இதயமாம் மேடம்! நான் ஒண்ணே ஒண்ண வச்சுக்கிட்டு, மாத்திரையும் கையுமா அல்லாடிட்டு இருக்கேன். அதுகூடப் பரவால்ல, எட்டுக் கைன்னு படிச்சதும் வயித்தெரிச்சலாப் போச்சு. எட்டுக் கைய வச்சுக்கிட்டு ஒரு பட்டன் தச்சிருக்குமா அது?

அதுக்கு முன்னாடி தூக்கத்தப் பத்தி ஒண்ணு குடுத்தீங்க. அருமையான புத்தகம். ரெண்டாம் பக்கத்தத் தாண்டறதுக்குள்ள கொறட்ட விட்டுட்டேன். எழுதினவரு சொன்னதச் செஞ்சு காட்டிட்டாரு, வேற என்ன வேணும்?

கதையா? அதுவும் படிச்சேனே. அந்தக் காதல் கதையில, அவன் ஒரு வார்த்த பேசினா முடிஞ்சு போற விஷயம். புத்தகமே தீரப்போவுது, வாயத் தொறக்க மாட்டேங்குறான். வந்த கோவத்துல, பேசித் தொலையேன்டான்னு கத்திட்டேன். அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரி, யாரு சொல்றாங்க பாருன்னா. அவளுக்கென்ன தெரியும், அவ அந்தக் கதையப் படிக்கவே இல்ல.

கொலைக்கதைங்கதான் என்னப் படுத்தி எடுத்துருச்சு. வரிசையா எடுத்தேன், எல்லாத்துலயும் புருஷந்தான் சாவுறான். வீட்டுல என்ன நடக்குதோன்னு ஒரே பயம். எங்க வீட்டுல இல்ல மேடம், மாப்பிள்ள வீட்டுல.

ம்? ஆமா, எம்பொண்ணுதான் அது. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதான், இனிமே உங்கூடப் பேச மாட்டேன்னுட்டேன். நான் சொன்னா சொன்னதுதான். அதுக்காக அவ மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்காம இருக்க முடியுமா? அவ குடுத்துட்டுப் போறத எடுத்துட்டுப் போய்ப் படிக்கிறேன்.

இன்னிக்கு அவ உள்ள வர்றப்பவே பாத்துட்டேன். சட்டையில ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு விட்டிருக்கு. உடம்பு போட்டாப் பிரிக்கிறது வேற மேடம். இது வயித்துக்கு மட்டும் விட்டது. எங்க, குடுங்க அத. பச்சக் கொழந்தையக் குளிப்பாட்டுறது எப்படின்னு போட்டிருக்கு…

ஒண்ணுமில்ல மேடம். கண்ணாடி மங்கிருச்சு, அவ்ளோதான்.

சின்னதுல இருந்து அவளுக்கு நான் தைக்காத துணி கிடையாது. இப்ப எவனோ ஒரு கத்துக்குட்டி கோணல்மாணலா ஓட்டி விட்டிருக்கான். அதப் போட்டுக்கிட்டு நாலு பேரு பாக்க பஸ் ஸ்டாப்புல நிக்குறா. எனக்கு வயிறு எரியுது.

நானா? நான் எப்படிப் போறது, வார்த்தைய விட்டுட்டேனே.

புத்தகம் இங்கயே இருக்கட்டும் மேடம், அப்புறமா வந்து வாங்கிக்கிறேன். பஸ் வந்துரப் போவுது. பேச மாட்டேன்னுதானே சொன்னேன். அளவு எடுக்க மாட்டேன்னு சொன்னேனா?