ஒரு ஸ்பூன் உப்பின் எடை

ஓசூரில் ஷிப்ட் முடிந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி யூனிஃபார்ம். சூளகிரி தாண்டியதும் மூத்தவள் சொன்னாள்:

“நான் இப்பல்லாம் உப்ப எடை போட்டுத்தான் சமைக்கிறேன்.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். “எதுக்குக்கா?”

“வீட்டுக்காரருக்கு கிட்னி சரியில்லன்னு டாக்டர் உப்பக் கொறைக்கச் சொன்னாரில்ல? கல்லுப்புல ஒரு ஸ்பூன் அளந்து, அதுலதான் நாள் பூரா சமைப்பேன். போன மாசம் கடைல கல்லுப்பு இல்லைன்னு தூளுப்பு வாங்கியாந்தேன். ஒரு வாரத்துல அவருக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சு.”

“அதே ஸ்பூன்லதானக்கா போட்டீங்க?”

“அதே ஸ்பூன்தான். ஆஸ்பத்திரில நர்சம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. கல்லுப்புன்னா நடுவுல நடுவுல எடம் விட்டு நிக்குமாம். தூளு நெருங்கிப் படிஞ்சுக்குமாம். அதே ஸ்பூன்ல உப்பு கூடப் போயிருக்குது. அதான் சின்னதா ஒரு தராசு வாங்கிட்டேன்.”

“இப்ப வீக்கம் எப்படி இருக்குது?”

“வடிஞ்சிடுச்சு.”

“அப்புறம் என்னக்கா, சரியாப்போச்சுல்ல?”

பஸ் குருபரப்பள்ளியில் நின்று கிளம்பியது. மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“அந்த ஒரு வாரந்தான்டி அவரு, கொழம்பு நல்லாருக்குதுன்னு மறுசோறு கேட்டாரு. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. நானும் போட்டேன்.”