இடது பக்கம் காலி

மகள்: ஹாரன்லேர்ந்து கையை எடுங்கப்பா. ஓட்டுறது நான்.

அப்பா: முன்னாடி எவ்வளவு இடம் விட்டிருக்க! ஒரு ஊர்வலமே போகலாம்.

மகள்: போகட்டும். அவன் திடீர்னு பிரேக் அடிச்சா எனக்கு அந்த இடம் வேணும்.

அப்பா: பின்னாடி இருக்கிறவன் கத்துறான்டி...

மகள்: தொண்டை வலிச்சா நிறுத்திடுவான். நான் விரட்ட மாட்டேன்.

அப்பா: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு கீறல் கிடையாது.

மகள்: பஸ்ல கிடையாது. நம்ம வீட்டு கேட்ல?

அப்பா: அந்தத் தூண் கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கு...

மகள்: ஆமா. போன மாசம்தான் துருத்த ஆரம்பிச்சுது. அதுவும் இடது பக்கத் தூண் மட்டும்!

அப்பா: வாயப் பாரு. இன்னிக்கு லைசென்ஸைப் புதுப்பிச்சுட்டு, வீட்டுக்கு நான்தான் ஓட்டிட்டு வருவேன்.

மகள்: பார்க்கலாம்... அதோ, நிக்குற வேன். முன் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கு. கிளம்பப் போறான்.

அப்பா: கிளம்புறதுக்கு முன்னாடியே பயமா?

மகள்: கிளம்பினப்புறம் பயந்து என்ன பிரயோஜனம்? பாருங்க... கை காட்டாமலே வந்துட்டான்.

அப்பா: ம்...

மகள்: முச்சந்தி வந்தாச்சு. இடது பக்கம் பார்த்துச் சொல்லுங்க.

அப்பா: காலி. ரெண்டு விசில் அடிச்சாச்சு, போ!

மகள்: மாட்டேன்.

அப்பா: காலின்னு சொல்றேன்ல? பெத்த அப்பன் சொன்னா நம்ப மாட்டியா?

மகள்: மாட்டேன்.

அப்பா: உன் திமிருக்கு... ஐயோ! எங்கேர்ந்துடி வந்தான் இவன்?

மகள்: தண்ணி லாரிப்பா. அவ்வளவு நேரமும் வந்துக்கிட்டேதான் இருந்தான். நான் பார்த்துட்டுத்தான் உங்களைக் கேட்டேன்.

அப்பா: அப்போ என்னைச் சோதிச்சுப் பார்த்தியா?

மகள்: எப்போலேர்ந்துப்பா?

அப்பா: மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. இடது ஓரம் மட்டும் புகை மாதிரி... அம்மாகிட்ட மூச்சு விடாதே.

மகள்: அனுப்பினதே அம்மாதான். திட்டுங்க, கத்துங்க, வண்டியைத் திருப்ப மாட்டேன். நாம லைசென்ஸ் ஆபீஸுக்குப் போகல. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

அப்பா: லைசென்ஸ் ஆபீஸுக்குப் போற மேம்பாலத்துல ஏறாம நீ கீழே திரும்பினப்பவே தெரியும்டி. இறக்கி விடுன்னு கத்தினேனா?... டாக்டர் பார்க்கட்டும். ஆனா வரும்போது ஹாரன் மட்டும் நான்தான் அடிப்பேன்.