சீமெந்து பூசிய சுவர்

அந்தத் தேவாலயத்தைக் கெடுத்தவன் நான்தான். சிட்னிக்கு வெளியே, ஒரு கிராமத்தில் இருக்கும், வாசலில் திராட்சைக் கொடி செதுக்கிய விக்டோரியா காலத்து மணற்கல் கட்டடம், சட்டப்படி பாதுகாக்கப்படுவது. கல் இடுக்குகளுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும் என்று கொத்தனார் சொன்னார். எஞ்சினியர் என்ற திமிரில் சீமெந்து பூச வைத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, சிட்னியில் பென்டில் ஹில் போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, எங்கட சேர்ச்சுக்கு மூச்சு முட்டுதாம்."

"சுவருக்கும் மூக்கிருக்கோ?"

"பகிடி விடாதேங்கோ. சீமெந்து ஈரத்தை வெளிய விடுதில்லையாம். கல்லு மாவாக் கொட்டுது. வாசல்ல செதுக்கின திராட்சைக் கொடியும் பாதி போச்சுது. திருத்தாட்டிப் பூட்டப் போகினமாம். பிள்ளையின்ர கலியாணத்தை எங்க வைக்கிறது?"

"ஆர் பூசினது?"

"ஆரோ படிச்ச எஞ்சினியராம்."

மறுநாள் போதகருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு சனிக்கிழமைதோறும் போய், சுண்ணாம்பு பூச வந்தவர்களோடு நின்று சீமெந்தைச் சுரண்டி எடுத்தேன். சுவர் காய்ந்தது. கொடி திரும்பவில்லை.

கலியாணம் அங்கேயே நடந்தது. வாசலில், கொடி உதிர்ந்த இடத்தை மறைத்துப் பூச்சரம் கட்டியிருந்தார்கள்.