உறையின் மேல் இருந்த தேதி

ஸ்டேப்ளர் பின் எனக்குப் பிடிக்காது. இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். விசாரணைக்காக என் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தீர்கள் அல்லவா மேடம், எல்லாம் துளை போட்டு நூல் கோத்துக் கட்டியவை. முப்பத்தோரு வருஷ வழக்கம்.

நான் இந்த நீதிமன்றத்தில் சட்ட உதவிப் பிரிவு எழுத்தராக இருந்தேன். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகள் சிறையிலிருந்து அனுப்பும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். வந்த தேதிக்கு முத்திரை குத்தி, ஒரு வக்கீலை நியமித்து, கையெழுத்துக்கு அனுப்புவேன். வக்கீலை மாற்ற வேண்டுமென்றாலும் குறிப்பு என்னுடையதுதான். நீதிபதி அதை முழுதாகப் படித்ததில்லை. என்மேல் அத்தனை நம்பிக்கை. அலுவலகத்தில் எனக்குக் கடிகாரம் என்று பெயர்.

அந்த லாரி டிரைவரின் ஆட்கொணர்வு மனு ஒரு மாலையில் வந்தது. பன்னிரண்டு பக்கம், கோணல்மாணலான கையெழுத்து. அவனுக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்த கொலை நடந்த நேரத்தில் அவன் எழுபது மைல் தள்ளி லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தானாம். டயர் கடைக்காரரை அவனுடைய பழைய வக்கீல் சாட்சிக்கே கூப்பிடவில்லையாம். அதனால் தன்னை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று எழுதியிருந்தான். எங்கள் நீதிமன்ற விதிப்படி, மேல்முறையீடு முடிந்து ஓராண்டுக்குள் இப்படிப்பட்ட மனு வந்தாக வேண்டும். இன்னும் ஏழு நாள் இருந்தது.

நாளைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் வீடு மாறும் வேலை முன்னதாகவே வந்துவிட்டது. பதினொரு நாள் விடுப்பு. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மற்றவர்கள் கலைத்துவிடுவார்கள் என்று சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘தவறு என்னுடையது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்து மேசை அம்மாளை, ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு, எல்லோர் முன்னாலும் நான் காய்ச்சி எடுத்திருந்தேன். அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றைய தேதிக்கு முத்திரை குத்தினேன். ஐந்து நாள் தாமதம் என்று ஆகிவிட்டது.

அவன் சிறை அதிகாரியிடம் மனுவை ஒப்படைத்த தேதியைக் கணக்கில் எடுத்தால் மனு தப்பிவிடும். அந்தத் தேதி உறையின் மேல் சிறை முத்திரையாக இருந்தது. ஆனால் அது கோப்பில் இருந்தால் மனு என் இழுப்பறையில் கிடந்ததும் தெரிந்துவிடும். உறையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் வக்கீல் ஒரு இளம்பெண். கெட்டிக்காரி. இரண்டாவது வாரமே வந்து, “சார், மனு வந்த கவர் எங்கே சார்? ஃபைல்ல இல்லையே,” என்றாள். “தேடிப் பார்க்கிறேம்மா,” என்றேன். வேலைப்பளு அதிகம் என்று குறிப்பு எழுதி அவளை மாற்றினேன். அவள் நன்மைக்கு என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்தவர் வயதானவர். பட்டியலில் கீழே இருந்தவரைத் தேடி மேலே கொண்டுவந்தேன். இரண்டரை வருஷம் வாய்தா வாங்கினார். ஒரு கேள்வி கேட்டதில்லை. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அந்தக் காலத்தில் டிரைவரின் அக்கா மாதம் ஒருமுறை வருவாள். தையற்காரி. என்னை அண்ணா என்பாள். “புது வக்கீலாவது நல்லவராண்ணா? தம்பி தினமும் கேக்குறான்.” நல்லவர்தான் என்பேன். ஒருமுறை மிச்சத் துணியில் ஒரு பை தைத்துக்கொண்டுவந்தாள். “ஃபைல்ல தூசி படியுதேன்னு தச்சேண்ணா. எங்க தம்பி உசிரே அதுலதானே இருக்கு.” வாங்கிக்கொண்டேன். அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இப்போது சொல்லும்போதும் வெட்கத்தில் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாவது வக்கீல் வேகக்காரர். உறை இல்லையென்றால் போகட்டும் என்று சிறையின் தபால் பதிவேட்டின் நகலுக்கே எழுதிவிட்டார். அலுவல் வேலையாகச் சிறைக்குப் போனவன், டிரைவரைப் பார்த்துப் பேசினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றான். இந்த வக்கீல்மேல் நம்பிக்கையில்லை என்று நான் எழுதி எடுத்துப்போயிருந்த தாளை நீட்டினேன்.

“இவர் நல்லாத்தானே பேசுறாரு சார்?”

“பேச்சை வச்சு என்னப்பா பண்றது. இதைவிட நல்ல ஆளாப் போடலாம்னு பாக்கிறேன்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்காங்க,” என்று கையெழுத்துப் போட்டான். அவன் கடிதங்களுக்கெல்லாம் ஒன்று விடாமல் பதில் எழுதியவன் நான்தான். அது பொய்யில்லை.

பதிவேட்டின் நகல் ஒன்பது நாள் கழித்து வந்தது. அதைக் கேட்ட வக்கீல் அப்போது அந்த வழக்கில் இல்லை. ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிப் பழைய கடிதக்கட்டில் வைத்தேன்.

டயர் கடைக்காரர் செத்துப்போனது அதற்கு அடுத்த வருஷம். அக்காதான் வந்து சொன்னாள். என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

நான்காவது வக்கீலுக்கு வழக்கு விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால்தான் கோப்பு போனது. எழுந்து அவகாசம் கேட்டார். நீதிபதி கைதி கையெழுத்துப் போட்ட தாளைத் தூக்கிக் காட்டி, “வக்கீலை மாத்திக்கிட்டே இருக்கார். இவருக்கே கேஸ் நடத்த இஷ்டமில்லை போலிருக்கே,” என்றார். சிலர் சிரித்தார்கள். காலம் கடந்த மனு என்று தள்ளுபடி ஆனது. அவனுக்குத் தண்டனையில் இன்னும் பதினாறு வருஷம் இருக்கிறது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்து ஒப்பிட்டுப் பார்த்தது நான். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ஓய்வு பெறும் நாளில் இழுப்பறைச் சாவியைப் பக்கத்து மேசை அம்மாளிடம்தான் ஒப்படைத்தேன். உறை அக்கா தைத்த பைக்குள் இருந்ததை அந்த அம்மாள்தான் உங்களிடம் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவர்மேல் கோபமில்லை. ஆறு வருஷம் ஒருத்தனை நான்தான் உள்ளே வைத்திருந்தேன், மேடம். நீதிபதியும் இல்லை, வக்கீல்களும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த உறையை ஏன் கிழித்துப் போடவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை, மேடம். என் சர்வீஸில் ஒரு காகிதத்தைக்கூட நான் அழித்ததில்லை. அதைக் கோப்பில் சேர்க்கும்போது மட்டும் தயவுசெய்து பின் குத்திவிடாதீர்கள். தேதி இருக்கும் இடத்தில் துரு ஏறிவிடும்.