சுருக்கப் பெயரில் ஒரு வரி

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: நான், மனைவி மகாதேவி, மகள் கமலாவதி, கணினியின் முன்னால் என் தம்பியின் மகன் நாகலிங்கம். மகாதேவி எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்திருந்தாள். சீனி சற்றுக் கூட.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். எங்கள் குடும்பத்தில் வாக்கு மாறுவதில்லை. மயிலிட்டிக் கடலோடி வீட்டுக் குகதாசனைத்தான் கட்டுவேன் என்று கமலாவதி நின்றபோது, சாதகம் பொருந்தினால் சம்மதம் என்று சொல்லியிருந்தேன். பொருந்தாது என்று நினைத்தேன். தனியே இருந்து கணித்தேன். பொருந்தியது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. நாகலிங்கம் சாவகச்சேரியில் கணினியில் பொருத்தம் பார்த்துக் கொடுத்தான். சனம் சாத்திரியாரைவிட அதை நம்பியது. அந்த நிரலில் பஞ்சாங்கக் கணக்குப் பகுதியை நான் எழுதுவதற்காகக் கணினி மொழியை எனக்குப் பழக்கியவனும் அவன்தான். நட்சத்திர அட்டவணை ஒரு தனித் தொகுதி. வேண்டிய பகுதிகள் அதை இறக்குமதி செய்யும். நீண்ட பெயரை அடித்துக்கொண்டிராமல் ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப எனக்கெண்டு ஒரு பிரதி வருமோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியப்பா. என்ன பேரிலை கூப்பிட்டாலும் சாமான் ஒண்டுதான். முதல் தரம் கேக்கேக்கை ஏறும். பிறகு கேக்கிறவைக்கும் அதையேதான் குடுக்கும். நீங்கள் அதிலை ஒண்டை மாத்தினால் எல்லாருக்கும் மாறும். கை வைச்சுப்போடாதேங்கோ."

முதலில் ஓடுவது என் பகுதி. அதில் அட்டவணையை ஓரெழுத்துப் பெயரில் இறக்கி, ஒரு வரி சேர்த்தேன். நட்சத்திரங்களை ஐந்து கூட்டமாகப் பிரிக்கும் இரச்சுப் பொருத்தத்தில், அனுடத்தைச் சிரசுக் கூட்டத்துக்கு மாற்றும் வரி. கமலாவதி அனுடம். குகதாசன் சித்திரை; அது சிரசு. இருவரும் சிரசு என்றால் புருசன் சாவான் என்பது சாத்திரம்.

அன்று திரையில் அதுதான் வந்தது.

"அண்ணை, இன்னொருக்கால் போட்டுப் பாருங்கோ" என்றாள் கமலாவதி.

"பத்துத்தரம் போட்டாலும் உதுதான் பிள்ளை. மிசினுக்கு உன்னிலை என்ன கோவம்?"

அவள் அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் பிறர் முன்னால் அழுவதில்லை.

அனுடத்தில் வேறு பெண்களும் பிறக்கிறார்கள். புத்தூர் மீனாம்பிகைக்கு நாள் வைத்தாயிற்று. ஒரு திருப்திக்காகத்தான் கணினியில் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அவிட்டம், அதுவும் சிரசு. மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள். புருசனைத் தின்ன இருந்தவள் என்று ஊர் கதைத்தது. அவள் தோட்டக் கிணற்றில் குதித்தாள்.

தகப்பன் சாத்திரியாரின் கணிப்போடு வந்து நின்றார். நாகலிங்கம் அட்டவணையைத் திறந்தான். அனுடம் சரியான இடத்தில் இருந்தது. நான் கோப்பைத் தொடவில்லையே. ஓடும்போது மட்டும்தான் அது மாறும். அட்டவணையின் பெயரை எல்லாப் பகுதியிலும் தேடினான். தேடல் என் பகுதியின் இறக்குமதி வரியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் அந்த ஓரெழுத்து.

"எல்லாம் சரியாத்தானே கிடக்கு, பெரியப்பா."

"அப்ப சாத்திரியார் பிழை விட்டிருப்பார்" என்றேன்.

விடியலில் அயல் வளவில் கிணற்றுத் துலா கிரீச்சிடும்போது எழுந்து அறைக் கதவைச் சாத்துகிறேன். பனிக் காற்று எனக்கு ஆகாது.

மீனாம்பிகையின் செத்தவீட்டன்றே அந்த வரியை நான் அழித்துவிட்டேன் என்று, உண்மை தெரிந்த பிறகு, நாகலிங்கம் எனக்காகச் சொல்லித் திரிகிறானாம். அது சரியல்ல. குகதாசன் அப்போதும் காத்திருந்தான். கமலாவதி இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். தொண்ணூறில் போரால் மின்சாரம் நிற்கும்வரை அந்த வரி ஓடியது.