தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது

நான் கைக்கடிகார உதிரிப் பாகங்கள் இறக்குமதி செய்யும் கடையின் காலஞ்சென்ற உரிமையாளரின் மனைவி. வயது எழுபத்து மூன்று. கடையின் மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள். யாருடைய தூண்டுதலும் இன்றி நானே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டு வியாபாரிகளின் வங்கி விவரங்கள் கணினியில், கணக்கு மென்பொருளில் உள்ளன. கணக்கு எண்ணிலோ வங்கியின் சர்வதேசக் குறியீட்டிலோ ஓர் எழுத்து மாறினாலும் கணக்காளர் பதிவு செய்ய வேண்டும், நான் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன், வந்த கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் எங்கள் பழைய அட்டையில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து, அந்த வியாபாரியின் குரலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இது என் கணவர் வைத்த விதி. எட்டு மாதங்களுக்கு முன் இறக்கும்வரை அந்த ஃபோனை அவரே செய்துவந்தார்.

சென்ற மாதம் ஐந்தாம் தேதி காலை பதினொரு மணியளவில், எங்களுக்கு ஸ்பிரிங் அனுப்பும் வெளிநாட்டுப் பெரியவரின் பெயரில், வங்கி மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. கணக்காளர் அதை அச்செடுத்து என்னிடம் கொடுத்தாள். பதினொரு வருடமாக எங்களிடம் வேலை செய்பவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பில்லைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் கடையில் அவளைப் புள்ளியம்மா என்பார்கள். அதன் பின் மதியம் வந்து கேட்டாள்.

"ஃபோன் பண்ணிட்டீங்களாம்மா?"

"பண்ணியாச்சு."

"பெரியவர் என்ன சொன்னார்?"

"என்ன, என்னையே விசாரிக்கிறியா?"

"ஐயாவையே விசாரிச்சவம்மா நான்" என்று சிரித்துவிட்டுப் போய்ப் பதிவு செய்தாள். அதன் பின் நான் "தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் குறியிட்டு ஒப்புதல் தந்தேன். நான் தெரிந்தே ஃபோன் செய்யவில்லை.

ஏன் என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்வதாவது: என் கணவர் இறந்தது அந்தப் பெரியவருக்குத் தெரியாது. இவர் பெயரில் நான்தான் பதில் எழுதிவந்தேன். இருபத்தாறு வருடம் இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தவர்கள், நேரில் பார்த்ததில்லை. அந்த ஒருவருக்காவது இவர் உயிரோடு இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஃபோன் செய்தால் சொல்ல வேண்டிவரும்.

அதன் பின் இரண்டு தவணைப் பணம் திருடர்களின் கணக்குக்குப் போனது. பதிவு கணக்காளரின் பெயரில் இருந்ததால் நேற்று அவளை விசாரணைக்கு அழைத்தார்கள். அவள் ஆய்வாளரிடம், "அம்மா ஃபோன் பண்ணாங்க சார். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்று மட்டும் சொன்னதாக அறிந்தேன்.

இன்று காலை அட்டையில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெரியவர் எடுத்தவுடன் என் கணவரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அதன் பின், எனக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கணக்காளர் இருக்கிறாள் என்றேன். அவள் இப்போது இந்த நிலையத்தின் வெளி பெஞ்சில், இன்றைய விசாரணைக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை வாசித்தேன். எழுத்தர் என் வயதைக் கருதி "மறதியால்" என்று எழுதியிருந்ததை அடித்து, "தெரிந்தே" என்று என் கையால் எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)