மாடிக்குப் போன பிரின்சிபால்

அன்றைக்குத் தாராவி பஸ் நிறுத்தத்தில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால், தோல் பட்டறையில் வேலை முடிந்து வந்த ஒருவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்.

“என் மவளால பிரின்சிபால் மாடிக்குப் போயிட்டாரு, அண்ணாச்சி.”

“என்ன சொல்லுதீரு?”

“அவளுக்குப் போலியோ வந்த காலுல்லா. மூணு மாடி ஏற முடியாம, காலேஜை விட்டு நின்னுக்கிடுதேன்னுட்டா. அது தெரிஞ்சதும் அவரு, கீழ இருந்த தன்னோட பெரிய ரூமை அவ வகுப்புக்குக் குடுத்துட்டு மேல போயிட்டாரு. பெருத்த உடம்பு. ஏறதுக்குள்ள நாலு தடவ நிக்காராம்.”

“நல்ல மனுசன். மவளுக்குச் சந்தோசந்தானே?”

“சந்தோசந்தான். ஆனா இனிமே கணக்கு வகுப்புக்கும் போயாகணுமேன்னு முழிக்கா.”

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.